பதிவேடும் பட்டறையின் கருவிதான்

ஒரு துப்பாக்கி பட்டறைக்குள் வந்தால் வேலை நடக்கிற வரிசை எந்த அவசரத்திலும் மாறக் கூடாது என்பதில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பிடிவாதமாக இருந்தார். முதலில் குழலை மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். அடுத்து உரிமப் புத்தகம். அதில் எழுதியிருக்கும் எண்ணையும் துப்பாக்கியில் வெட்டியிருக்கும் எண்ணையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் பதிவேட்டில் ஒரு வரி. திருப்புளியைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

இந்த வரிசையின் நடுப் படிகளை அரசாங்கத்துக்காகச் செய்கிற எழுத்து வேலை என்று நினைப்பவர்கள் எங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறார்கள். அரம் பிடிக்கிற கைக்குப் பேனா பாரம் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரத்தையும் வைஸையும் போலப் பதிவேடும் பட்டறையின் கருவிதான். எழுதாமல் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி, அரைகுறையாகப் பழுது பார்த்த துப்பாக்கி. இந்தத் தொழிலில் இருந்து நான் கற்றவற்றில் இளையவர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

சட்டம் எங்களை எங்கே நிறுத்தியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். வைசிராய் லிட்டன் காலத்தில் 1878இல் வந்த ஆயுதச் சட்டத்தை விடுதலைக்குப் பிறகு நீக்கிவிட்டு, 1959இல் புதிய சட்டம் இயற்றினார்கள். அது 1962 அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் முதலில் 1962ஆம் ஆண்டு விதிகள். இப்போது 2016ஆம் ஆண்டு விதிகள். துப்பாக்கி வைத்திருப்பவருக்கு முக்கியமானது மூன்றாம் பிரிவு. எங்களுக்கு ஐந்தாம் பிரிவு. தயாரிப்பது, விற்பது, கைமாற்றுவது, உருமாற்றுவது, பழுதுபார்ப்பது, சோதிப்பது என்று அந்தப் பிரிவு அடுக்கிக்கொண்டே போகிறது. இவற்றில் எதைச் செய்யவும் அதற்கென்று உரிமம் வேண்டும். பழுதுபார்ப்பதற்காக ஒரு துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதற்கும் அந்த உரிமம் வேண்டும்.

பழுது பார்க்கிறவனைத் தயாரிப்பவனோடும் விற்பவனோடும் ஒரே வரியில் வைத்தது ஏன் என்று தொழிலுக்கு வந்த புதிதில் யோசித்திருக்கிறேன். பட்டறையைச் சுற்றிப் பார்த்தாலே பதில் கிடைக்கும். உடைந்த ஸ்பிரிங்கை மாற்றுகிற அதே அரம், அதே கடைசல் எந்திரம், அதே கை, கணக்கில் வராத ஒரு துப்பாக்கியையும் செய்துவிடும். கருவிகளை வைத்து நல்ல பட்டறையையும் கள்ளப் பட்டறையையும் பிரிக்க முடியாது. சுவரில் மாட்டிய உரிமமும் மேசையில் இருக்கிற பதிவேடும்தான் பிரிக்கின்றன. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஐந்தாம் பிரிவை மீறினால் குறைந்தது ஏழாண்டுச் சிறை. ஆயுள் வரை போகலாம். அந்தத் தண்டனையின் கனத்தைப் பார்த்தால், சட்டம் எங்கள் கையில் எவ்வளவு பெரிய காரியத்தை ஒப்படைத்திருக்கிறது என்பது புரியும்.

சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. அது வெளியில் பலருக்கும் தெரியாது. துப்பாக்கி என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், துப்பாக்கியின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் எந்திரங்களும் துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அடங்கும் என்கிறது சட்டம். அதாவது என் இழுப்பறையில் கிடக்கும் ஒரு பயரிங் பின்னும் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கிதான். 1980களில் வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் இறக்குமதி நின்றுபோன பிறகு, பழைய இங்கிலாந்து இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கு உதிரிப் பாகம் வாங்குவது பெரும்பாடாகிவிட்டது. பயரிங் பின், லாக் ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர் எல்லாவற்றையும் பெரும்பாலும் நாங்களேதான் கடைந்தும் அராவியும் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்யும் ஒவ்வொரு பாகமும் எந்த எண்ணுள்ள துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டது, கழற்றிய உடைந்த பாகம் எங்கே போனது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பழைய பாகத்தை உடையவரிடமே கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது எங்கள் பட்டறை வழக்கம். ஒரே மாடல் ரிவால்வருக்கு முன்யோசனையாக நாலு பின் செய்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். செய்வதில்லை. பெயரும் எண்ணும் இல்லாத பாகம் என் பட்டறையில் இருக்கக் கூடாது.

எங்களிடம் வருகிற துப்பாக்கிகளில் பல தினுசு உண்டு. மலையடிவாரக் காடு கழனிகளிலிருந்து பயிர்க் காவலுக்கான நாட்டுத் துப்பாக்கி வரும். வாய்வழியாகக் கரிமருந்தும் ரவையும் இட்டு, கேப்பு வைத்துச் சுடுகிற வகை. எஸ்டேட்காரர்கள் வீட்டிலிருந்து தாத்தா காலத்து இரட்டைக்குழல் வரும். வங்கிக் காவலர்களின் பன்னிரண்டு போர் துப்பாக்கி வரும். ரைபிள் கிளப் பிள்ளைகளின் .22 ரைபிள் வரும். கான்பூரில் செய்த .32 ரிவால்வர், இஷாப்பூரில் செய்த .315 ரைபிள், நம் திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையின் பம்ப் ஆக்ஷன் துப்பாக்கி எல்லாம் வரும். கொண்டுவருகிறவர் எப்போதும் உரிமதாரராக இருப்பதில்லை. வயதான அப்பாவின் துப்பாக்கியை மகன் கொண்டுவருவான். இதற்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. உரிமதாரர் கூடவே இருந்தாலோ, எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தாலோ, உரிமம் இல்லாத ஒருவர் பழுதுபார்ப்பதற்காகத் துப்பாக்கியைச் சுமந்து வரலாம். மனிதர்களின் முதுமையையும் முடியாமையையும் அறிந்து எழுதிய வரி அது. ஆனால் அந்தக் கடிதம் இல்லாமல் வந்தால் நான் துப்பாக்கியைத் தொடுவதில்லை.

சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பையன் அப்படி வந்தான். அப்பாவின் நாட்டுத் துப்பாக்கி, குதிரை நிற்கவில்லை. முழுக்க இழுத்தாலும் தானாக விழுந்துவிடுகிறது.

"ஏனுங்ண்ணா, ஒரு ஸ்பிரிங் தானுங்களே. இதுக்குப் போயி அப்பன்கிட்ட லெட்டரு வேணுமுங்களா?"

"வேணும் தம்பி. வழியில ஒரு செக்போஸ்ட்டுல நிறுத்திக் கேட்டா நீ என்ன காட்டுவ?"

"நான் எங்கப்பன் மகன்னு சொல்லுவனுங்க."

"அதை எழுத்துல வாங்கிட்டு வா. உன்னைக் காப்பாத்துறதுக்குத்தான் கேக்கறேன்."

துப்பாக்கி அவன் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. மறுவாரம் அப்பாவே வந்தார். பையனிடம் கடுமையாக நடந்துகொண்டேனோ என்று அவர் கேட்கவில்லை. கடிதம் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு, அடுத்த முறைக்காக மாதிரி ஒன்றை எழுதி வாங்கிப் போனார். விளக்கிச் சொன்னால் கிராமத்து மனிதர்களுக்கு இந்த விதிகளின் நியாயம் நன்றாகவே புரிகிறது.

உரிமப் புத்தகம் சரியாக இருந்தால் அடுத்தது துப்பாக்கியை வாசிப்பது. வாசிப்பது என்ற சொல்லை நான் அலங்காரத்துக்காகப் பயன்படுத்தவில்லை. இரட்டைக்குழலின் குழல்களைக் கழற்றித் திருப்பினால், அடிப்பக்கத்துத் தட்டையான இடத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். அவை சோதனைச் சாலைகள் இட்டவை. துப்பாக்கியில் வழக்கத்தைவிடக் கனமான மருந்தை இட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் கழகத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சோதனை முறை 1672வரை பின்னோக்கிப் போகிறது. நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற மூன்று எழுத்து இருந்தால் அது லியேஜ். இந்த முத்திரைகள் வந்த இடத்தை மட்டும் சொல்வதில்லை. கரிமருந்துக்கு மட்டும் சோதித்த குழலா, புகையற்ற நவீன மருந்துக்கும் சோதித்ததா என்பதையும் சொல்கின்றன. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த பழைய டமாஸ்கஸ் குழலில் கொடி ஓடியதுபோல வரிகள் தெரியும். பார்க்க அழகு. இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் சிலது பிளந்துவிடும்.

பன்னிரண்டு போர் என்ற பெயரே ஓர் அளவு. குழலின் உள்விட்டத்துக்குச் சரியாக உருட்டிய ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும். ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். விட்டம் ஒன்றாக இருந்தாலும் தோட்டா உட்காரும் சேம்பரின் நீளம் ஒன்றாக இருக்காது. பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கிற 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்குள் நன்றாகவே உட்கார்ந்துவிடும். சுட்ட பிறகுதான் அபாயம். மடித்திருந்த முனை விரிய இடமில்லாமல் குழலின் குறுகலான பகுதிக்குள் போய் அடைத்து, உள்ளே அழுத்தம் ஏறிவிடும். இதனால் என் பதிவேட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் சேம்பரின் நீளமும் முத்திரைகளின் விவரமும் எப்போதும் இருக்கும். விதி கேட்கிறதோ இல்லையோ, அடுத்த முறை அந்தத் துப்பாக்கியைத் திறக்கிறவனுக்கு அது தெரிய வேண்டும். நானே திறந்தாலும் பத்தாண்டு கழித்து எனக்கு நினைவிருக்காது.

பதிவேட்டின் மற்றக் கட்டங்கள் எளிமையானவை. வந்த தேதி, உரிமதாரரின் பெயர், முகவரி, உரிம எண், அது செல்லுபடியாகும் நாள், தேசியத் தரவுத்தளம் கொடுத்த தனி அடையாள எண், துப்பாக்கியின் வகை, போர், தயாரிப்பாளர், எண், குழலின் நீளம், என்ன குறை சொல்லிக் கொடுத்தார், என்ன வேலை செய்தோம், எந்தப் பாகம் மாறியது, சோதனைக்கு எத்தனை தோட்டா செலவானது, திருப்பிக் கொடுத்த தேதி, கையெழுத்து. வந்தது ஒரு வரி, போனது ஒரு வரி. இரண்டுக்கும் நடுவில் அந்தத் துப்பாக்கி என் பொறுப்பில் இருக்கிறது. ஆய்வுக்கு அதிகாரி வந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், போன தேதி இல்லாத வரிகள் எத்தனையோ, இரும்புப் பெட்டிக்குள் அத்தனை துப்பாக்கி இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குற்றம், ஒன்று குறைந்தாலும் குற்றம். மாலையில் கதவைச் சாத்தும் முன் இந்தக் கணக்கைப் பார்ப்பது எங்கள் பட்டறையில் யாரும் சொல்லாமலே நடக்கும்.

குழலின் நீளத்தை ஏன் எழுத வேண்டும் என்று கேட்பார்கள். அங்கேதான் பழுதுபார்ப்பதற்கும் உருமாற்றுவதற்கும் நடுவிலிருக்கும் கோடு ஓடுகிறது. தோட்டக்காரர் ஒருவர் கையோடு கொண்டுவந்த இரட்டைக்குழலில் வாய்ப்பக்கம் சற்றே உப்பியிருந்தது. சேற்றில் குத்தி எடுத்துக் கவனிக்காமல் சுட்டால் இப்படி ஆகும். "ரெண்டு இஞ்சு வெட்டிவிட்டாச் சரியாப் போயிரும்ல?" என்றார். தொழில் கணக்கில் அவர் சொன்னது சரி. 28 அங்குலக் குழலில் முனையை வெட்டி, வாயைச் சமன் செய்துவிட்டால் சுடலாம். ஆனால் சட்டத்தின் ஆறாம் பிரிவு, அதற்கென்று உரிமம் இல்லாமல் எந்தக் குழலின் நீளத்தையும் குறைக்கக் கூடாது என்கிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ உரிமம் கேட்பவருக்குச் சட்டம் சொல்லும் வழவழப்புக் குழல் துப்பாக்கிக்குக் குழல் 20 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குழல் குட்டையானால் துப்பாக்கியை உடுப்புக்குள் ஒளிக்கலாம். ரவையும் பரவலாகச் சிதறும். நீளம் குறையக் குறைய அது வேட்டைக்காரரின் பொருளாக இருப்பதிலிருந்து விலகி வேறொன்றாகிவிடுகிறது. இவரிடம் அந்த எண்ணம் துளியும் இல்லை. இருந்தாலும் வெட்டிய குழல் அவருக்குப் பிறகும் இருக்கும், யார் யார் கைக்கோ போகும். உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லி, கேட்க வேண்டிய விவரங்களை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

காற்றுத் துப்பாக்கி கொண்டுவருகிற இளைஞர்களிடமும் இதே கோட்டைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. 2016 விதிகளின்படி முகப்பில் 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருந்தால் காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். கொஞ்சம் பலமான ஸ்பிரிங் போடுங்கள் என்று அவர்கள் கேட்பது சின்ன வேலைதான். அந்தச் சின்ன வேலை அவர்கள் கையிலிருக்கும் பொருளின் சட்ட நிலையையே மாற்றிவிடக்கூடும். இதை அவர்களுக்கு உட்கார வைத்து விளக்குவதில் நான் அலுத்துக்கொள்வதில்லை. கேட்டுவிட்டுப் போனவர்களில் சிலர் பின்னால் கிளப்பில் சேர்ந்து முறையாகச் சுடப் பழகியிருக்கிறார்கள்.

கையும் சட்டமும் மிக நெருக்கமாகச் சந்திக்கிற இடம் மெருகு போடும் வேலை. பழைய துப்பாக்கியின் நீலப் பூச்சு போய்த் துரு ஏறியிருந்தால், துருவை எடுத்து, உலோகத்தை மெருகேற்றி, மீண்டும் நீலம் ஏற்ற வேண்டும். சுழலும் பஃப் சக்கரத்தில் வைத்தால் அரை மணி நேரத்தில் கண்ணாடிபோல் ஆகிவிடும். கூடவே எண்ணின் விளிம்புகளும் கரைந்துவிடும். நூறாண்டு தேய்ந்த எண், ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு ஆழத்தில்தான் மிஞ்சியிருக்கும். சட்டத்தின் எட்டாம் பிரிவு தயாரிப்பாளர் பெயரையோ எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடுக்கிறது. எண் அழிந்த துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், வேறாக நிரூபிக்கப்படும்வரை அவரே அழித்ததாகக் கொள்ளப்படும். என் சக்கரத்தின் அரை நிமிட அவசரம், ஒன்றும் அறியாத உடையவரைக் குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆகவே எண்ணும் முத்திரையும் உள்ள இடங்களை நாங்கள் சக்கரத்தில் காட்டுவதே இல்லை. எண்ணெயில் நனைத்த மெல்லிய கல்லால், எழுத்து ஓடும் திசையில், கையாலேயே தேய்க்கிறோம். நாள் கூடுதலாகும். வேலை முடிந்த பிறகு எழுத்துகள் புதிதாக வெட்டியதுபோலத் தெளிவாக நிற்கும்போது வருகிற நிறைவு, வேறு எந்த வேலையிலும் எனக்கு வந்ததில்லை. இந்த நுட்பம் சட்டப் பயத்தால் மட்டும் வருவதில்லை. எண்ணைக் காப்பாற்றத் தெரிந்த கைக்குத்தான் மெருகு போடவே தெரியும்.

பதிவேடு ஒருவரை எப்படிக் காப்பாற்றும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஓர் அம்மா, கணவர் இறந்த பிறகு அவருடைய துப்பாக்கியை மகன் பெயருக்கு மாற்ற அலைந்துகொண்டிருந்தார். சட்டப்படி, உரிமதாரர் இறந்தால் வீட்டில் துப்பாக்கியை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். அவரும் ஒப்படைக்கப் போனார். அங்கே ஒப்பிட்டுப் பார்த்தபோது உரிமப் புத்தகத்தில் இருந்த எண்ணுக்கும் துப்பாக்கியில் இருந்த எண்ணுக்கும் ஓர் இலக்கம் மாறியிருந்தது. புத்தகத்தில் 3, துப்பாக்கியில் 8. எப்போதோ பழைய புத்தகத்திலிருந்து புதிய புத்தகத்துக்குப் பெயர்த்து எழுதியபோது நேர்ந்த பிசகாக இருக்க வேண்டும். ஆனால் காகிதத்தில் பார்த்தால், அந்த வீட்டில் இருந்தது உரிமம் இல்லாத துப்பாக்கி. உரிமம் உள்ள துப்பாக்கியைக் காணவில்லை. துக்கத்தில் இருந்த குடும்பத்துக்கு அதைவிடக் கொடுமை வேறு என்ன வேண்டும்?

அந்த அம்மா கண்கலங்கி எங்கள் பட்டறைக்கு வந்தார். கணவர் இங்கேதான் ரிப்பேருக்குக் கொடுப்பார் என்பது மட்டும் அவருக்கு நினைவில் இருந்தது. பரணில் இருந்த பழைய பதிவேடுகளை இறக்கித் தேடினோம். என் ஆசான் கையெழுத்தில் அந்த வரி கிடைத்தது. பெயர், ஊர், பழைய உரிமப் புத்தகத்தின் எண், துப்பாக்கியின் எண். அந்த எண்ணில் தெளிவாக 8. பக்கத்திலேயே, கட்டையில் வலப்புறம் சிறு வெடிப்பு, பித்தளைத் தகடு வைத்து இறுக்கியது என்ற குறிப்பு. அந்த அம்மாவின் துப்பாக்கியிலும் அதே இடத்தில் அதே பித்தளைத் தகடு. அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலோடு அவர் மனுக் கொடுத்தார். பிழை திருத்தப்பட்டது. நிலத்துக்கு வில்லங்கச் சான்று எப்படியோ அப்படித் துப்பாக்கிக்கு எங்கள் பதிவேடு. இடையில் ஒரு வரி விட்டுப்போனாலும் சங்கிலி அறுந்துவிடும். ஆசான் அந்தத் தகட்டைப் பற்றி எழுதியபோது, பின்னாளில் ஒரு விதவைக்கு அது உதவும் என்று நினைத்திருக்க மாட்டார். செய்த வேலையைச் செய்தபடி எழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தப் பழக்கம் போதுமானதாக இருந்தது.

தேர்தல் வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். சிலர் காவல் நிலையத்தில் கொடுப்பார்கள். சிலர் பாதுகாப்பில் வைக்க உரிமம் உள்ள கடைகளில் கொடுப்பார்கள். எங்களுக்கு அந்தக் காலம் முழுவதும் எழுத்துதான். வரும்போது இருந்த நிலையை எழுதாமல் வாங்கினால், போகும்போது தகராறு நிச்சயம். குழலுக்குள் துரு எந்த அளவு, கட்டையில் கீறல் எங்கே, குதிரை எப்படி நிற்கிறது என்று உடையவர் எதிரிலேயே பார்த்து எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்கிறோம். வாங்கிய கையோடு எண்ணெய் விட்டுத் துடைத்து வைக்கிறோம். மழைக்காலத்தில் உறையோடு அப்படியே வைத்தால் தோலுறை ஈரம் வாங்கி உலோகத்தைத் தின்றுவிடும். தேர்தல் முடிந்த பிறகு வேறு இடங்களில் வைத்திருந்து எடுத்தவர்கள் துருவோடு வந்து நிற்பது வாடிக்கை. ஒப்படைக்கும் நாளில் நிலையை எழுதி வாங்கும் வழக்கம் எல்லா இடத்திலும் வந்தால், பல நல்ல துப்பாக்கிகள் பிழைக்கும்.

வனத்தை ஒட்டிய ஊர்க்காரர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்ளோ வசிக்கும் உரிமதாரர்கள் வனத்துறையிலும் பெயரைப் பதிய வேண்டும். முதுமலை ஓரத்து விவசாயிகளில் சிலருக்கு இது தெரிவதில்லை. சொல்வது என் வேலை இல்லைதான். சொல்லாமல் இருக்க மனம் வருவதில்லை.

எப்போதாவது எண் இல்லாத துப்பாக்கியும் வரும். துணி சுற்றி, சாக்கில் போட்டு, கடை சாத்துகிற நேரம் பார்த்து வரும். கேட்ட கூலியைத் தருகிறோம் என்பார்கள். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. தொடக் கூடாது. அதோடு முடிவதும் இல்லை. இந்தச் சட்டத்தின்கீழ் ஒரு குற்றம் நடந்திருப்பது தெரிந்தவர், தக்க காரணம் இருந்தாலொழிய, அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று 36ஆம் பிரிவு சொல்கிறது. பகை வருமே என்று தயங்குபவர்களிடம் நான் சொல்வது: அந்தத் துப்பாக்கி நாளை யார் மீதாவது சுடப்பட்டால், அதன் குதிரையைச் சரிசெய்த கை நம்முடையதாக இருக்கும். பழுது பார்த்த துப்பாக்கி எதற்குப் பயன்படும் என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. யாருடைய துப்பாக்கியைப் பழுது பார்க்கிறோம் என்பது முழுக்க நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு என் கவலையையும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் மிகக் குறைவு. தொழிற்பயிற்சி நிலையங்களில் பிட்டர், டர்னர் படித்த நல்ல கைகள் இருக்கின்றன. படைக்கலத் தொழிற்சாலைகளில் பழகியவர்கள், ராணுவத்திலும் காவல் துறையிலும் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஓர் இளைஞன் சின்னப் பட்டறையில் உட்கார்ந்து பத்தாண்டு பழகி, பிறகு தன் பெயரில் உரிமம் கிடைக்கும் என்று நம்பி இறங்குவதற்குத் தெளிவான பாதை கண்ணில் படுவதில்லை. அப்பாவின் உரிமம் மகனுக்குத் தானாக வருவதில்லை. அது சரியே, ஆளைப் பார்த்துத்தான் உரிமம் கொடுக்க வேண்டும். அந்த ஆளை உருவாக்குகிற ஏற்பாடும் இருக்க வேண்டாமா?

பீகாரின் முங்கேர் நகரத்தை நான் அடிக்கடி நினைப்பதற்கு இதுதான் காரணம். பதினெட்டாம் நூற்றாண்டில் வங்காள நவாப் மீர் காசிம் தன் தலைநகரை அங்கே மாற்றிய காலத்திலிருந்து துப்பாக்கி செய்யும் கைகள் வாழ்ந்த ஊர் அது. உரிமம் பெற்ற தொழிற்கூடங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் வேலை சுருங்கிவிட்டது. இன்று கள்ளத் துப்பாக்கி பிடிபட்ட செய்திகளில்தான் அந்த ஊர்ப் பெயர் அதிகம் அடிபடுகிறது. கள்ளத் தொழிலுக்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும், திறமையுள்ள கைக்கு நேர்வழியில் வேலை இல்லாமல் போவது அதில் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். விதிகள் கடுமையாக இருக்கட்டும். அந்தக் கடுமையில் ஒரு வரியைக்கூடக் குறைக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். பழகுநர்களைப் பெயர் பதிந்து, காவல் துறை விசாரித்து, உரிமம் பெற்ற பட்டறைகளின் பொறுப்பில் சேர்த்துக்கொள்ளும் முறை வரட்டும். அவர்கள் எழுதும் பதிவேட்டையும் செய்யும் வேலையையும் சேர்த்தே தேர்வு வைத்து, தேறியவர்களுக்கு உரிமம் கொடுக்கட்டும். மேற்பார்வைக்கு உட்பட்ட நல்ல பட்டறை பக்கத்தில் இருந்தால், விவசாயி தன் குதிரை நிற்காத துப்பாக்கியைக் கண்ட இடத்தில் கொடுக்க மாட்டார்.

என்னிடம் பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் தருவது பேனாவைத்தான். துப்பாக்கி வந்ததும் அதைப் பார்த்து, அளந்து, எண்ணை வாசித்து எழுத வேண்டும். எழுதியதை நான் துப்பாக்கியோடு ஒப்பிடுவேன். முத்திரையை விட்டுவிட்டால் மறுபடியும் எழுத வேண்டும். குழலின் நீளம் கால் அங்குலம் பிசகினால் மறுபடியும் அளக்க வேண்டும். சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு, சிலர் போய்விடுவதும் உண்டு. நிலைத்து நிற்பவர்களிடம் சில மாதங்களில் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். அவர்கள் எழுதும் வரியில், கேட்காமலேயே, வெடிப்பும் தேய்மானமும் இடம்பெறத் தொடங்கும். எழுதுவதற்காக உற்றுப் பார்த்த கண், பழுதையும் தானே கண்டுபிடிக்கும். அந்த நிலைக்கு வந்தவனிடம் அரத்தைக் கொடுக்கலாம். அவன் செய்யும் வேலைக்கு நான் பக்கத்தில் நின்று பொறுப்பேற்கலாம். எனக்குப் பிறகு அவன் எழுதிய பதிவேடு பொறுப்பேற்கும்.